நீ பின்னால் மாற்றி வைத்த பாட்டரி

பொன்னம்பேட்டை
ஜூலை 14

மகன் மாச்சய்யாவுக்கு அவ்வா எழுதுவது. இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம், நீயும் அங்கே கனடாவில் அப்படியே இருக்க வேண்டும். நலம் என்று எழுதத்தான் இந்த முறை கை வரவில்லை. இடது கையில் கட்டுப் போட்டிருக்கிறது, வலது கையால் எழுதுகிறேன். போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து எதையாவது சொல்லி என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். முழுக்கப் படி.

போன வியாழக்கிழமை காலையில் நம் தோட்டத்தில் வேலை செய்யும் முத்தா ஓடி வந்தான், அவன் பெண்டாட்டி ஜாஜிக்கு வலி எடுத்துவிட்டது. நாலு நாளாக விடாத மழை, ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து ஆம்புலன்ஸ் வர முடியாதபடி மரம் விழுந்து கிடந்தது. உன் அப்பய்யாவுக்கு முட்டி வீக்கம். கோணிக்கொப்பா ஆஸ்பத்திரி ரோடு திறந்திருந்தது, நான்தான் ஜீப்பை எடுத்தேன். ஜாஜியைப் பின்னால் படுக்க வைத்தோம், அவள் தலைமாட்டிலேயே நீ புத்தரி அறுவடைப் பண்டிகைக்கு வந்தபோது மாற்றி வைத்துவிட்டுப் போன பாட்டரி. ஜீப் ரேசுக்கு முன்பக்கக் கனம் குறைய வேண்டும், பெரிய ஏர் ஃபில்டருக்கு இடம் வேண்டும் என்று சொல்லி அங்கே கொண்டுபோய் வைத்தாய். நீ ஓட்டியது ஒரே ஒரு ரேஸ், அதிலும் மூன்றாம் சுற்றில் சேற்றில் நின்றாய். அதற்குப் பிறகு அந்த ஜீப்பில் உரமூட்டையும் ஆட்களும் நானும்தான் போகிறோம், அது உனக்கு நினைவே இல்லை.

பள்ளிக்கூடத்து இறக்கத்தில் ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. பிரேக்காக இருக்கும் என்று நினைத்தேன். அதற்குள் என் சீட்டுக்கு அடியிலிருந்து புகை. வண்டியை ஓரம்கட்டிச் சாவியைப் பிடுங்கினேன், புகை நிற்கவில்லை, இன்னும் கூடியது. பாட்டரியிலிருந்து இஞ்சினுக்கு நீ இழுத்த வயர் தரைத் தகட்டு ஓட்டையில் உரசி உரசித் தோல் போய் இரும்பைத் தொட்டுவிட்டது, சாவியை எடுத்து என்ன பிரயோஜனம். காலடியில் போட்ட கால்மிதி எரிய ஆரம்பித்தது. ஜாஜி எழுந்திருக்கவும் முடியாமல் அவ்வா, அவ்வா என்று என்னையே கூப்பிடுகிறாள். நானும் முத்தாவும் அவளைத் தூக்கி மழையில், ரோட்டோரப் புல்லில் கிடத்தினோம். ஒரு கர்ப்பிணியை மழையில் கிடத்தினேன் மாச்சய்யா, உன்னால்.

பாட்டரியைக் கழற்றலாம் என்றால் நட்டு அசையவில்லை, ஸ்பேனரும் இல்லை. முத்தா இடுப்புக் கத்தியை உருவிக்கொண்டு, எதை வெட்டட்டும் சொல்லுங்கம்மா, சீக்கிரம் சொல்லுங்க என்றான். என்ன சொல்வேன்? இரண்டு வயரும் கறுப்பு. ஒரே சுருளிலிருந்து இரண்டையும் வெட்டிப் போட்டிருக்கிறாய். தப்பான வயரில் கத்தி பட்டு இரும்பிலும் உரசினால் அவன் கையே போயிருக்கும். புகைக்குள் கையை விட்டு எது பாடியில் போல்ட் போட்டு முடிகிறது என்று தடவிப் பார்த்தேன், உள்ளங்கை பழுத்த இரும்பில் ஒட்டிக்கொண்டது. இதுதான் எர்த், இதை வெட்டு என்றேன். இரண்டு வெட்டில் அறுந்தது. அப்புறம்தான் அடங்கியது. பின்னால் வந்த கவர்மெண்ட் பஸ்ஸை நிறுத்தினோம். கண்டக்டர் எங்களைப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் இருந்தவர்களிடம், இனிமே ஸ்டாப் கிடையாது, இறங்கணும்னா இப்பவே இறங்கிக்குங்க என்று சத்தம் போட்டான். ஒருத்தர்கூட இறங்கவில்லை, அத்தனை பேரும் கோணிக்கொப்பா ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கூடவே வந்தார்கள். பெண் குழந்தை. இருவரும் சுகம்.

இதுவரைக்கும் நடந்ததற்குக்கூட நான் உன்னை மன்னித்திருப்பேன். அன்று மதியம் அப்பய்யா உனக்குப் போன் போட்டபோது நீ என்ன சொன்னாய்? என் வயரிங்ல தப்பே இல்ல அப்பய்யா, கடைசியா ஹார்னுக்கு ரஃபீக்தானே கை வெச்சான், அவனைக் கேளுங்க என்றாய். உன் அப்பய்யா வீங்கின முட்டியோடு ஆட்டோ பிடித்துப் போய், மெக்கானிக் கடை வாசலில், டீக்கடைக் கூட்டம் முழுக்கப் பார்க்க ரஃபீக்கை, கொலைகாரப் பயலே என்று கத்திவிட்டு வந்தார். அவனோ, வண்டியை நான் வந்து பாக்கறேன், பாத்துட்டுப் பேசலாம்னு மட்டும் சொன்னானாம்.

மறுநாள் வந்தான். கருகின கால்மிதியைத் தூக்கி, மிச்சமிருந்த வயரை என் மடியில் வைத்தான். எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. கிணற்று மோட்டாருக்கு வாங்கின வயர் அது, மீதிச் சுருள் இன்னும் உரக் கொட்டகையில் ஆணியில் தொங்குகிறது. பாட்டரி பக்கத்தில் ஃபியூஸ் இல்லை, ஓட்டையில் ரப்பர் இல்லை. இதையெல்லாம் புத்தரிக்கு மறுநாளே ரஃபீக் உன்னிடம் சொன்னான். காப்பி காய்கிற களத்தில் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பாட்டரி தூரம் போகப் போக வயர் தடிக்கணும் அண்ணா, பக்கத்துலயே ஒரு ஃபியூஸ் போடுங்க என்றான். நீ சிரித்தாய். நான் கால்கரியில எஞ்சினியர்டா, நீ ஹார்ன் ஊதுதான்னு பாரு என்றாய். அப்போதே நான் உன்னைத் தட்டிக் கேட்டிருக்க வேண்டும். பத்து நாள் லீவில் வந்த பிள்ளை முகம் வாடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். அதற்குத்தான் என் கை வெந்தது என்று வைத்துக்கொள்கிறேன். ரஃபீக் என்ன தப்புச் செய்தான்?

பாட்டரியைப் பழைய இடத்துக்கே கொண்டுபோகச் சொன்னேன். முடியாது என்றான், பாட்டரி உட்காரும் பழைய தட்டை நீ அறுத்து எறிந்துவிட்டாயே. அதனால் பின்னாலேயே வைத்து, அவன் கடையில் மூன்று நாள் நானும் கூட இருந்து செய்தோம். கட்டை விரல் தடிமனில் வயர், பாட்டரியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஃபியூஸ், ஓட்டைக்கு ஓட்டை ரப்பர் வளையம், முழத்துக்கு ஒரு கிளிப். எர்த் பிடிக்கிற இடத்தில் பெயின்டைச் சுரண்டி இரும்பு பளபளக்கும் வரை நானே ஒற்றைக் கையால் தேய்த்தேன். பாட்டரிக்கு மூடி போட்ட பெட்டி, அது சேசிஸோடு போல்ட் போட்டது, உள்ளே சேரும் வாயு வெளியே போகக் குழாய். என் சீட்டருகே ஒரு கட்டாஃப் ஸ்விட்ச், திருப்பினால் எல்லாம் செத்துவிடும். சிவப்பு சிவப்பாகவும் கறுப்பு கறுப்பாகவும் இருக்கிறது. நேற்று ஸ்டார்ட் செய்தேன், நீ வந்து போனதிலிருந்து மூன்று முறை முனகிவிட்டுக் கிளம்பும் வண்டி, ஒரே இழுப்பில் எழுந்தது.

அப்பய்யாவுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை, உனக்குத் தெரியும். இன்று காலை சவரம் செய்து, கல்யாணத்துக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். டீக்கடை நிறைகிற வரைக்கும் காத்திருந்தார். பிறகு ரோட்டில் நின்றே, ரஃபீக், தப்பு என் மகனோடது, விசாரிக்காம உன்னைத் திட்டினது என்னோடது என்றார். ரஃபீக் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான். அப்புறம் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, முட்டி வலியோட ஏன் நிக்கிறீங்க, உக்காருங்க என்றான். உன் அப்பய்யா உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். எழுபத்திரண்டு வயசில் உனக்காக அவர் அங்கே உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

குளிர் வந்தால் காதை மூடிக்கொண்டு போ, பட்டினியாக வேலைக்குப் போகாதே. இக்குத்தப்பன் உன்னைக் காக்கட்டும், உனக்குப் புத்தியும் கொடுக்கட்டும். ரஃபீக்கின் நம்பரைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விடுவான், மற்ற நேரம் கடையில் இருப்பான். அவனிடம் பேசிவிட்டு எனக்குப் போன் செய். அதற்கு முன்னால் செய்தால் எடுக்க மாட்டேன்.

உன்னைப் பெற்றவள்,
பொள்ளம்மா