வைட்டமின் பாட்டில்

19 ஜனவரி 2025, ஞாயிறு

சண்முகப்ரியா டிக்கெட் போட்டுவிட்டாள். அந்தமான். ஐந்து நாள் பாய்மரப் படகிலேயே சாப்பாடு, படுக்கை. தினம் இரண்டு முறை சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலுக்குள் முங்குவது. ஒன்பதாவது கல்யாண நாளுக்காம். பட்டறையை விட்டால் வீடு, வீட்டை விட்டால் பட்டறை என்று கிடக்கிற மனுசனை எங்கேயாவது கூட்டிப்போக வேண்டும் என்று அவளுக்கு ரொம்ப நாள் ஆசை. தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன், மடையன்.

21 ஜனவரி

படகுக்காரர்கள் உடல்நலப் படிவம் அனுப்பியிருக்கிறார்கள். ஏழாவது கேள்வி: வலிப்பு வந்ததுண்டா?

ப்ரியா பக்கத்திலேயே இருந்தாள். ‘இல்லை’ என்று போட்டேன். பழகிப்போயிற்று.

கடைசியாக வந்தது இருபத்தோரு வயதில். இன்றைக்கும் இரண்டு வேளை மாத்திரை, வைட்டமின் பாட்டிலில் போட்டு வைத்து. கல்யாணம் பேசும்போது பெண் வீட்டில் சொல்லலாமா என்று அம்மா குலதெய்வக் கோயிலில் பூ கேட்டாள். இரண்டு பொட்டலம், வெள்ளைப் பூ வந்தால் சொல்வது. செவ்வரளி வந்தது. “சாமியே வேண்டாங்குது கண்ணு” என்றாள். எனக்கும் வசதியாகப் போயிற்று. சாமி தலையில் போட்டுவிட்டு மாலை மாற்றிக்கொண்டேன்.

2 பிப்ரவரி, ஞாயிறு

நீச்சல்குளத்தில் இரண்டாவது வாரப் பயிற்சி. தண்ணீருக்குள் எப்போதும் ஜோடியாகத்தான் இருக்க வேண்டுமாம். ஒருவருக்கு ஒன்று என்றால் மற்றவர் விட்டுவிட்டு மேலே வரக்கூடாதாம். “நானெல்லாம் உடமாட்டனுங்க” என்று ப்ரியா என் தோளில் தட்டினாள்.

அதுதான் பயமே. எனக்கு வந்தால் பல் கிட்டிக்கொள்ளும், காற்றுக் குழாய் வாயிலிருந்து நழுவும். அவள் விடமாட்டாள். பிடிவாதக்காரி. இரண்டு பேரும் —

5 பிப்ரவரி

காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாமா? அம்மாவிடம் கேட்டால், ஒரு மாத்திரை சேர்த்துப் போட்டுக்கொண்டு போய் வா என்கிறாள். இவளிடம் போய்க் கேட்டேனே.

8 பிப்ரவரி, படகு

அறை எங்கள் வீட்டு பூஜை அறை அளவுகூட இல்லை. பாட்டிலை எங்கே ஒளிப்பது?

9 பிப்ரவரி, படகு

சொல்லிவிட்டேன்.

காலையில் சிலிண்டர் முதுகில் ஏறிவிட்டது. ப்ரியா விளிம்பில் உட்கார்ந்து வாங்க என்று கையாட்டினாள். எனக்குக் கால் நகரவில்லை. எங்களை இறக்குகிற பயிற்சியாளர் அமீர் ஹம்சா, போர்ட் பிளேர் தமிழர், அருகில் வந்து என்ன என்று கேட்டார். அவர் காதில் சொன்னேன். அவ்வளவுதான், இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் திட்டவில்லை. சிலிண்டரைக் கழற்றிவிட்டு, இனி நீங்கள் தண்ணீரில் இறங்க முடியாது என்றார். அக்காவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்.

சொன்னேன். செவ்வரளி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டாள்.

“ஒம்பது வருசங்க. எங்கிட்டச் சொல்லாததை நேத்துப் பார்த்தவருகிட்டச் சொல்லிப்போட்டீங்க.”

பிறகு அமீரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு இறங்கினாள். முக்கால் மணி நேரம் மேலே வந்த குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தலை தெரிந்ததும் அழுகை வந்துவிட்டது. அவள் பார்க்கவில்லை.

11 பிப்ரவரி, படகு

ஆமை பார்த்தாளாம். படகுச் சமையல்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

16 பிப்ரவரி, ஞாயிறு, கோவை

வீடு வந்து மூன்று நாள். ப்ரியா இன்னும் என்னிடம் பேசவில்லை. காலையில் வைட்டமின் பாட்டிலைக் கவிழ்த்து, மாத்திரைகளை ஒரு கண்ணாடி டப்பாவில் போட்டு, மருந்தின் பெயரை எழுதி ஒட்டி, சாப்பாட்டு மேசையில் ஊறுகாய் ஜாடி பக்கத்தில் வைத்தாள்.

மத்தியானம் கோபிசெட்டிபாளையத்திலிருந்து சித்தப்பா குடும்பம் வந்தது. கார் சத்தம் கேட்டதும் அம்மா ஓடிவந்து டப்பாவை எடுத்தாள், அலமாரிக்குள் வைக்க.

“அது அங்கயே இருக்கட்டுங்க அத்தை” என்று ப்ரியா அதை வாங்கி மேசையில் திரும்ப வைத்தாள். என் பக்கம் திரும்பினாள்.

“சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியாங்க?”

பின்னாடி என்றேன்.