உமி காப்பாற்றிய கதவு

மச்சான்,

இன்று காலை நம் நெல் மில்லின் பழைய அடுப்பை உடைத்தார்கள். உமிச் சாம்பலின் வாசம் குப்பென்று வந்ததும் கையிலிருந்த தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டேன். நீ பொருத்திய இரும்புத் தகடுகள் வளைந்து கறுத்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நீ கண்ணை மூடி இரண்டு மாரி கழிந்துவிட்டது. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

நீயும் நானும் பங்காக நடத்திய மில். உன் ஊர் பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வருவாய். கலவரத்தில் ஊர் குழம்பியிருந்த அந்த நாளிலும் வந்தாய், என் மூத்தவள் ராத்தாவின் நெல் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தபடியால். புருசன் மௌத்தான பிறகு அவள் தனியே நின்று செய்வித்த முதல் வேளாண்மை அது. மகளின் கலியாணச் சோறு முழுக்க அந்தத் தொட்டிக்குள்தான் இருந்தது. அவிக்க விறகு வந்துவிடும் என்ற வண்டிக்காரனின் பேச்சை நம்பி ஊறப்போட்டோம். மறுநாள் விறகு வரும் மேற்குப் பக்கப் பாதையை மறித்துவிட்டார்கள்.

தொட்டியில் நுரை கட்டியது. புளித்த வாசம் வீதி வரைக்கும் போனது. அன்றைக்குள் அவிக்காவிட்டால் நெல் கெட்டுவிடும். அவிக்காமல் காயவைத்தாலோ குத்தும்போது நொறுங்கிக் குருணையாகும். ராத்தா மில் வாசலில் வந்து நின்றாள். அங்கிருந்தே தொட்டியைப் பார்த்தாள். நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பதறியிருக்காது.

கோடரியைத் தூக்கி மில்லின் பெரிய கதவை வெட்டத் தொடங்கினேன். நல்ல பாலை மரம், நின்று எரியும். நீ என் தோளைப் பிடித்து இழுத்தாய்.

“கதவ வெட்டாத மச்சான். எரிக்கிறதுக்கு மில்லுக்குப் பின்னால ஒரு மலையே கிடக்கு.”

உமியைத்தான் சொன்னாய். கூலி கொடுத்து ஆற்றோரம் கொட்டுவதும், காற்றடித்தால் பக்கத்து வளவுக்காரரிடம் ஏச்சு வாங்குவதுமாக அது நமக்குத் தீராத தலையிடி. முன்பு ஒருமுறை அதை அடுப்பில் அள்ளிப் போட்டாய். உமி அமுங்கி நெருப்பை மூடிவிட, மில் முழுக்கப் புகை. கண்ணைக் கசக்கிக்கொண்டு இருவரும் வெளியே ஓடினோம். உன் கெட்டித்தனத்தை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். ஆனாலும் நீ விடவில்லை. சூறாவளியில் தென்னை விழுந்து நசுங்கிய லொறியின் வில்லுத்தகடுகளைக் கழற்றி, ஒரு சட்டத்தில் படிக்கட்டு மாதிரிப் பூட்டி வைத்திருந்தாய். உமி படிப்படியாக இறங்கும், இடையால் காற்றுப் புகும், எரியும் என்றாய். மூட்டிப் பார்க்க நான் விட்டால்தானே.

அன்று அந்தச் சட்டத்தை அடுப்புக்குள் ஏற்றி மூட்டினாய். முதலில் புகைந்தது. பிறகு உமித்தூசி சட்டென்று பற்றி அடுப்பு வாயால் தீ வெளியே பாய்ந்தது. உன் புருவம் கருகியது, முன்கை கொப்பளித்தது. நான் மண் வாளியோடு அணைக்க ஓடினேன். குறுக்கே நின்றாய்.

“இப்ப நூத்தினா ராத்தாட நெல்லும் போகும், நான் கருகினதும் வீண்.”

உனக்குப் பயமே இல்லை என்றுதான் நினைத்தேன். உமியைத் தள்ளியபடி நீ உன் சாமியைக் கூப்பிடுவதைக் கேட்ட பிறகே வாளியை வைத்துவிட்டு உன் பக்கத்தில் வந்து நின்றேன். பொயிலரில் ஆவியின் அளவு காட்டும் முள் அசையவில்லை. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு மாறி மாறி உமி தள்ளினோம். பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும் நேரம் முள் மெல்ல எழும்பியது. குழாயால் ஆவி சீறியதும் ராத்தா வாசலிலேயே குந்தியிருந்து அழுதாள்.

கலியாணத்தில் நீயும் எங்களோடு ஒரே சஹன் தட்டைச் சுற்றிச் சாப்பிட இருந்தாய். புருவம் பாதிதான் முளைத்திருந்தது. சோற்றில் லேசாகப் புளிப்பு வாசம் இருந்தது நம் இருவருக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தோம். ராத்தா குனிந்து, “தம்பி, சோறு கொஞ்சம் மணக்குது. ஆருக்கும் சொல்லிராதங்க” என்றாள். சிரிப்பில் உனக்குப் புரையேறிவிட்டது.

அதன்பிறகு நாம் விறகு வாங்கவில்லை. சாம்பலைச் செங்கல் சூளைக்காரர் தேடி வந்து அள்ளிப் போனார்கள். மிஞ்சிய ஆவியை ஊறல் தொட்டிக்குத் திருப்பிவிட்டாய். எதை எறியப் போனாலும், “இது போய் எங்க சேருது?” என்று மறித்துக் கேட்பாய். உன் நெஞ்சு நோவை மட்டும் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தாய். என் கோபம் அதுதான்.

அந்தக் கலியாண மாப்பிள்ளைதான் இப்போது மில்லைப் பார்க்கிறார். அவர் கட்டும் புது அடுப்பும் உமியில்தான் எரியும். தகடுகளை உன் ஞாபகமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். சும்மா கிடக்கும் இரும்பைக் கண்டால் நீ ஏசுவாய். கத்தியோ மண்வெட்டியோ அடிக்கட்டும் என்று கொல்லனிடம் கொடுத்துவிட்டேன். கோடரி வெட்டு அசிங்கமாகத் தெரிகிறது, கதவையும் மாற்றுவோமா என்று கேட்டார். அதற்கு மட்டும் நான் விடவில்லை. காலையில் அந்தக் கதவைத் திறப்பது இன்றைக்கும் நான்தான். அந்த வெட்டில் கை படும்போதெல்லாம், தோளில் உன் பிடி தெரிகிறது.