காதணி விழா பேனர்

செவ்வாய், இரவு.

இன்று எங்கள் ஃபிளக்ஸ் கடையில் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

கோம்பையிலிருந்து வந்த ஒருவர் மகனின் காதணி விழாவுக்குப் பேனர் கேட்டிருந்தார். அவருடைய இறந்துபோன அப்பா பேரனை மடியில் வைத்திருப்பதுபோல அம்மா ஏஐயில் படம் செய்து, ஓரத்தில் ‘ஏஐ படம்’ என்று போட்டார். போடாவிட்டால் புதுச் சட்டப்படி கடைக்குச் சீல் வைப்பார்கள் என்று நேற்று ஒருவர் அரசு ஆபீஸிலிருந்து வருவதாகச் சொல்லி மிரட்டியிருந்தார்.

பேனரைப் பார்த்த கோம்பைக்காரர் கொதித்துவிட்டார். “விசேஷ வீட்டு வாசல்ல எங்கப்பாவ டூப்புன்னு எழுதி வைக்கச் சொல்றியா ஆத்தா?” என்று எதிர்க்கடைக்குப் போய்விட்டார். அங்கே எழுதாமலே அடித்துக் கொடுத்தார்கள்.

சட்டத்தை ஃபோனில் தேடிப் படித்தேன். இணையத்தில் போடும் படங்களைப் பற்றித்தான் இருந்தது. பேனரைப் பற்றி எதுவும் கண்ணில் படவில்லை. சாயங்காலம், நேற்று வந்தவர் எதிர்க்கடையில் உட்கார்ந்து ஃபிளக்ஸ் சுருட்டிக்கொண்டிருந்தார். அம்மாவிடம் சொன்னேன்.

“ஒருவேள நெசமாவே ஆபீஸ்காரவுகளா இருந்தா? நாளைக்கும் எழுதித்தான் ஆகணும்” என்று அம்மா விளக்கை அணைத்துவிட்டார்.