கூடு திரும்பும் இடம்

அன்புள்ள டினோஜன் அண்ணாவுக்கு,

அம்மா பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல கலிஸ்ரா எழுதுகிறேன். அந்தோனியார் புண்ணியத்தில் நாங்கள் இரண்டு பேரும் சுகம், அந்தக் குளிரில் உங்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று அம்மா ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்கிறார். செல்வராசா மாமா வியாழக்கிழமை லண்டன் திரும்புகிறார், அவரிடம் ஒடியல் மாவும் கருவாடும் கொடுத்துவிடுகிறோம், இந்தக் கடிதமும் அதோடு வரும். கருவாட்டை ஜன்னலைத் திறந்துவிட்டுப் பொரிக்கட்டாம், போன முறை மணத்துக்கு உங்கள் வீட்டுக்காரி மேல் மாடியிலிருந்து இறங்கி வந்த கதையை நினைத்து அம்மா இன்னும் சிரிக்கிறார். இங்கே வாடைக்காற்று தொடங்கிவிட்டது, களப்பில் இறால் படுகிறது. மழைக்கு முன்னம் குசினிக் கூரைக்குத் தகரம் மாற்றிவிட்டோம். அம்மாவின் முழங்கால் நோ அப்படியேதான். நான் புதுக்குடியிருப்புத் தையல் கடைக்குத்தான் இன்னும் போகிறேன், பஸ்ஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறினால் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்துவிடுவேன்.

இனி எழுத வேண்டியதை நீயே எழுது என்று சொல்லிவிட்டு அம்மா எழும்பி வெளியே போய்விட்டார். நாலு தரம் கடதாசியைக் கிழித்துவிட்டேன். தோமஸ் அப்பு செத்த அன்று நீங்கள் போனில் அழுதுகொண்டு, அவரை அவரின் மனிசி றோஸ்மேரி ஆச்சிக்குப் பக்கத்தில்தானே அடக்கம் செய்தீர்கள் என்று கேட்டீர்கள். அம்மா ஓம் என்றார். நானும் ஓம் என்றேன். அது பொய், அண்ணா. மரித்தோர் நாளுக்கு இரண்டு கல்லறையிலும் மெழுகுதிரி கொளுத்திப் படம் அனுப்பச் சொல்லி மூன்று தரம் கேட்டுவிட்டீர்கள், போன் பழுது என்று சொன்னோம். அதுவும் பொய். அப்பாவைக் கடல் கொண்டுபோன அந்த வருடம் உங்களைத் தன் வள்ளத்தில் தொழிலுக்கு ஏற்றிய மனிசன் எங்கள் சேமக்காலையில் இல்லை. மூன்று மைல் தள்ளி, புதுப் பங்கின் சேமக்காலையில், ஒரு மரமும் இல்லாத மணலில் தனியாகக் கிடக்கிறார். அங்கே முதல் குழி அவருடையதுதான். அதற்குக் காரணம் நான்.

வீட்டுத்திட்டம் வந்த பிறகு ரோட்டுப் பக்கம் சனம் கூடிவிட்டது, அதனால் எங்கள் கோயில் பங்கை இரண்டாகப் பிரிக்கப்போகிறார்கள் என்று உங்களுக்குச் சொல்லியிருந்தேன். எல்லை எது என்று பார்க்க ஒரு பழைய புத்தகமும் இல்லை, எல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டன. எங்கள் ஊரில் எல்லை கடதாசியில் இருந்ததும் இல்லை. திருநாளுக்கு அந்தோனியாரின் சுரூபம் வைத்த கூட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் எந்த இடத்தில் திருப்புகிறார்களோ, அந்த இடத்தோடு பங்கு முடிந்தது. எனக்கு விபரம் தெரிந்த நாள் முதல் கூடு மதகடியில்தான் திரும்புகிறது. என் எழுத்து வடிவு என்று சொல்லி, வீடு வீடாகப் போய்ப் பழைய எல்லை விபரம் கேட்டு எழுதச் சொல்லிப் பாதர் ஒரு கொப்பி தந்தார். தோமஸ் அப்புவின் வீடு மதகுக்கு அங்கால் அல்லவா. அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்தார். “மதகு எண்டு எழுதிப்போடாதை பிள்ளை. கூடு முந்தி எங்கட வீடுகளும் தாண்டிப் பாலை மரத்தடியிலதான் திரும்பினது, நான் தோள் குடுத்தனான். நாங்கள் மீளக் குடியேறி வரேக்கை மதகுக்கு அங்கால மிதிவெடி எண்டு நாடா கட்டிக் கிடந்தது, அதால இஞ்சால திருப்பினாங்கள். வெடி எடுத்தாப்பிறகும் ஒருத்தனும் அங்கால தூக்கேல்லை, பஞ்சி பிடிச்சவங்கள்” என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, “என்னை மனிசியிட்ட இருந்து பிரிச்சியோ, பேயா வந்து உன்ர தையல் மெசினை மிதிப்பன்” என்றார். நான் கொப்பியில் பாலை மரம் என்றுதான் எழுதினேன்.

திருநாள் முடிந்த கிழமை கோயிலில் கூட்டம். தோமஸ் அப்புவுக்குக் காய்ச்சல், வரவில்லை. கோயில் மூப்பர் நல்லதம்பி மாமா எழும்பி, எல்லை மதகு என்று சொல்லி, “ஆருக்கும் வேற கதை இருக்கோ” என்று கேட்டார். பாதர் என்னைப் பார்த்து, “பிள்ளையின்ர கொப்பியில என்ன கிடக்கு, எழும்பி வாசியுங்கோ பாப்பம்” என்றார். முன் வாங்கில் என்னோடு படித்த டக்சாயினியும் மற்றவர்களும் இருந்தார்கள், எல்லாரும் இப்போது ஏ.எல். வகுப்பில் படிக்கிறவர்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். வாசிக்கும்போது நா தட்டுப்பட்டால் அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற ஒரே நினைப்புத்தான். கொப்பி மடியில் விரித்தபடி கிடக்க, “ஒண்டும் இல்லை பாதர், மாமா சொன்னது சரி” என்றேன். எழும்பக்கூட இல்லை. அன்றைக்கே எல்லைக் கடதாசியை வடிவாக எழுதிக் கொடுத்ததும் நான்தான். எல்லாரும் கையெழுத்து வைத்து ஆயர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். தோமஸ் அப்புவின் வீட்டோடு பதினொரு வீடு புதுப் பங்குக்குப் போனது.

தோமஸ் அப்பு செத்த அன்று மருமகன் டிலக்ஸன் இரண்டு தரம் வந்து நல்லதம்பி மாமாவைக் கெஞ்சினார். நான் கோயில் வாசலைக் கூட்டிக்கொண்டு நின்றேன். “சேமக்காலையைக் கடல் அரிக்குது தம்பி, எங்கட பங்குச் சனத்துக்கே இடம் காணாது, உங்களுக்குப் புதுக் காணி கிடக்குதெல்லோ” என்றார் மாமா. அவர் கெட்டவர் இல்லை அண்ணா, கடதாசியில் இருந்ததைச் சொன்னார். நான் அப்போதும் வாய் திறக்கவில்லை, கூட்டின இடத்தையே திரும்பக் கூட்டினேன். பின்னேரம் சவப்பெட்டி எங்கள் பக்கம் வராமல் மதகுக்கு அங்காலேயே ரோட்டுக்குத் திரும்பிப் போனது. வேறு பங்குச் சாவுக்கு அடிக்கிறதில்லை என்று துக்க மணியும் அடிக்கவில்லை. றோஸ்மேரி ஆச்சிக்கு அந்த மணியை அழுதழுது அடித்தவர் தோமஸ் அப்புதான்.

நீங்கள் இருக்கிற அந்தச் சின்ன இங்கிலாந்துக் கிராமத்தின் பங்கைப் பற்றிச் சொன்னது இப்போது அடிக்கடி நினைவு வருகிறது. எழுபது வீடும் தொள்ளாயிரம் வருடக் கோயிலுமாம், ஆற்றுக்கு அங்கால் துண்டு பக்கத்துப் பங்கிடம் போய் நூறு வருடம் கழித்துத் திரும்பி வந்ததாம், மேற்கு வயல்களைப் பட்டினம் எடுத்துவிட்டதாம் என்று நீங்கள் வேலை செய்கிற கடைக்கு வருகிற கிழவன் சொன்னதையெல்லாம் சொன்னீர்கள். வருடத்துக்கு ஒருக்கால் சனம் எல்லையைச் சுற்றி நடந்து கல்லுகளுக்குத் தடியால் அடிக்குமாம், முந்தி பிள்ளைகள் மறக்கக்கூடாது என்று அவர்களின் தலையைப் பிடித்துக் கல்லில் முட்டுவார்களாம் என்று சொல்ல, நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். மறக்கிற பிள்ளைக்கு அது சரி. எல்லாம் நினைவிருந்தும் சொல்லாமல் இருந்த என் தலையை எந்தக் கல்லில் முட்டுவது?

இதுவரை எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “என்ர கதையையும் எழுது” என்றார். அம்மா குமரியாக இருந்த காலத்தில் பாலை மரத்தடியில் கூடு திரும்பியதைக் கண்ணால் கண்டவராம். அன்று கூட்டத்தில் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார். “மூப்பரோடை எனக்கேன் பொல்லாப்பு, ஆரும் சொல்லுவினம் எண்டு இருந்திட்டன். நீ ஒண்டும் இல்லை எண்டு சொல்லேக்கை எனக்கு ஆறுதலாயும் இருந்தது. அதையும் எழுது, அண்ணாவுக்குத் தெரியட்டும்” என்றார். எழுதிவிட்டேன்.

நேற்றுக் கொப்பியைக் கொண்டுபோய்ப் பாதரிடம் காட்டினேன். ஏசவில்லை. ஆயர் இல்லத்துக்குத் திருத்தி எழுதலாமாம், ஆனால் கூட்டத்தில் சொன்னதைக் கூட்டத்தில்தான் மாற்ற வேண்டுமாம், ஞாயிறு பூசைக்குப் பிறகு நானே எழும்பி வாசிக்க வேண்டுமாம். அம்மாவும் என்னோடு எழும்புவார். ஆயர் ஒத்துக்கொண்டால் பதினொரு வீடும் திரும்பி வரும். தோமஸ் அப்புவைத் தோண்டி எடுக்க ஏலாது என்று பாதர் சொல்லிவிட்டார்.

நீங்கள் கேட்டது இதற்குள் இருக்கிறது. இரண்டு கல்லறையும் ஒரு படத்துக்குள் வராது, அதனால் இரண்டு படம் வைத்திருக்கிறேன்.

மிச்சம் அம்மா உங்களுக்குச் சொல்வது. தம்பி, எங்களோடு கோபமென்றால் ஏசு, சாப்பாட்டோடு கோபித்துக்கொள்ளாதே. காதை மூடித் தொப்பி போட்டுக்கொண்டு வேலைக்குப் போ. மாதா உன்னை விட்டு விலகாமல் இருக்கட்டும். மரித்தோர் நாளன்று மறக்காமல் அந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மெழுகுதிரி கொளுத்து. எங்களால் செய்ய முடியாமல் போனதை நீ அங்கே செய்.

தலை குனிந்தபடி,
உன் அம்மா,
எழுதிய தங்கை கலிஸ்ரா