செவ்வாய்க்கிழமை வேறொரு குரல்

ஹாலிவுட், மார்ச் 9, 1951

அன்புள்ள அம்மாவுக்கு,

டெல்மர் வணங்கி எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? நெப்ராஸ்காவில் பனி விட்டதா? நான் நலம்.

ஒரு சின்ன விஷயம். போன செவ்வாய், வானொலி நாடகம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது நாடகத்தை நடத்தும் விளம்பரக் கம்பெனியின் கிரேடி ஒரு தாளை நீட்டினார். எனக்கு முதல் வேஷம் வாங்கித் தந்த ஹாலிஸ் கம்யூனிஸ்ட் கூட்டங்களுக்குப் போனவன் என்று அதில் அச்சடித்திருந்தது. சாட்சியாக என் கையெழுத்துதான் பாக்கி. கம்யூனிஸ்ட் என்று பேர் விழுந்தவனுக்கும், அவனைக் காட்டிக்கொடுக்காதவனுக்கும் இப்போது இங்கே யாரும் வேலை தருவதில்லை.

"போட்டா இந்த வேஷமும் உனக்கு, வரப்போற படமும் உனக்கு. போடலேன்னா இன்னிக்கே கடைசி," என்றார்.

மைக்குக்கு அந்தப் பக்கம் ஹாலிஸ் தன் வசனத்தைப் புரட்டிக்கொண்டு நின்றான்.

"கண்ணால பார்க்காததுக்கு நான் எப்படி சார் கையெழுத்து போடறது?" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஒலிபரப்பின் சிவப்பு விளக்கு எரிந்தது. அரை மணி நேரம் துப்பறியும் அதிகாரியாகப் பேசினேன், குரல் பிசகவில்லை. முடிந்ததும் ஹாலிஸ், "என்னடா, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு?" என்றான்.

"காப்பி ஒத்துக்கலடா."

நேற்று அந்தப் படமும் கைநழுவியது. கவலைப்படாதீர்கள், வேறு வேலை தேடுகிறேன். அப்பாவின் கம்பளிச் சட்டையை அனுப்புங்கள். நீளமாகக் கடிதம் எழுதுங்கள். பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதைக்கூட எழுதுங்கள்.

தபால்காரர் வந்துவிட்டார், முடிக்கிறேன். செவ்வாயன்று அக்கம்பக்கத்தார் நம் ரேடியோவைச் சுற்றி உட்காரும்போது, என் வேஷத்தில் வேறொரு குரல் கேட்கும். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லாதீர்கள், அம்மா. நடந்ததைச் சொல்லுங்கள். அதைக் கேட்டு எழுந்து போகிறவர்கள் போகட்டும்.

உங்கள் மகன்,
டெல்மர்