வலைமூஞ்சியின் கடைசிப் படம்

ஆகஸ்ட் 6, புதன்

காலையிலிருந்து தூறல். துவைத்த துணி எதுவும் காயவில்லை. ஜெராய் மலை மேகத்துக்குள்.

வாங்க வேண்டியது: அவருடைய கண் சொட்டு மருந்து, கோதுமை மாவு, குளியலறைக்கு பல்பு.

கையுறை ஃபேக்டரியில் இன்று இரண்டு லைன் நின்றுவிட்டது. சீக்கிரம் வீடு. செருப்பைக் கழற்றுவதற்குள் அவர், "வலைமூஞ்சி வந்துடுச்சாம் சரசு. ரேடியோல சொன்னான். இதான் கடைசி பாகமாம்."

வலைமூஞ்சி நாங்கள் வைத்த பெயர். தேன் எடுப்பவர்கள் போடும் வலைத்தொப்பியோடு வந்து ஒவ்வொருவராகக் குத்திக் கொல்லுகிறவன். இங்கிலீஷ் படம், கீழே மலாய் எழுத்து. முதல் பாகம் கல்யாணமான புதிதில், சுங்கை பட்டாணியில். இதுவரை ஆறு பாகம். ஆறிலும் பாதி நேரம் என் முகம் அவர் தோளில். "முடிஞ்சிடுச்சு, கண்ணத் திற" என்பார். திறந்தால் முடிந்திருக்காது. வேண்டுமென்றே.

இப்போது அவருக்கு இடது கண் முழுக்கப் போய்விட்டது. வலதில் வெளிச்சமும் நிழலும் மட்டும். இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. லாரி சாவியை முதலாளியிடம் கொடுத்து எட்டு மாதம்.

"எப்படிங்க பார்ப்பீங்க?" வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"நீ பார்த்து சொல்லு."

ஆகஸ்ட் 8, வெள்ளி

எங்கள் ஊரில் வெள்ளிதான் வார விடுமுறை. நல்ல வெயில். திகாம் பத்துவிலிருந்து சு. பட்டாணிக்கு நான்தான் காரை ஓட்டினேன். "சிக்னல் போட்டியா? பின்னால மோட்டார் வருது பாரு." காதாலேயே ஓட்டுகிறார். நீலச் சட்டை. தலைக்குச் சாயம்கூடப் போட்டுக்கொண்டார், நேற்றே.

கடைசி வரிசை மூலை. கூட்டம் அதிகமில்லை. படம் தொடங்கியதும் அவர் காதோடு வாயை வைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். முன் வரிசையில் ஒரு மலாய்க்காரப் பெண் திரும்பி முறைத்தாள். அவருக்குப் பார்வை இல்லை என்றேன். "தாப்பே கா," பரவாயில்லை அக்கா, சொல்லுங்கள் என்று திரும்பிக்கொண்டாள்.

முதல் முறையாக ஒரு வலைமூஞ்சி படத்தைக் கண்ணை மூடாமல் பார்த்தேன். கத்தி, படிக்கட்டு, ரத்தம், எல்லாம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டே, "எந்தக் கை? எந்தப் பக்கம்?" என்று நச்சரிப்பு.

படம் படு மோசம். யார் எதற்குச் சாகிறார்கள் என்றே தெரியவில்லை. ஆறு பாகமாகத் தப்பித்து வந்த மார்த்தா, அவருக்கு ரொம்பப் பிடித்தவள், கடைசியில் இருட்டில் ஒரே குத்தில் செத்துப்போகிறாள். சண்டைகூட இல்லை. கொலைகாரன் வலையைக் கழற்றுகிறான். எந்தப் பாகத்திலும் வராத எவனோ ஒருத்தன். அவள் காரிலேயே ஏறிப் போகிறான். அவ்வளவுதான்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். திரை வெளிச்சம் முகத்தில்.

"என்ன ஆச்சு? யாரு விழுந்தது?"

"அவன்தான்," என்றேன். "மார்த்தா குத்திட்டா."

"வலையக் கழட்டிட்டாளா?"

"கழட்டிட்டா. அவளோட புருஷன்தான். செத்துட்டான்னு நினைச்சாங்களே, அவன்."

கார் கிளம்பும் சத்தம்.

"அவதான் ஓட்டிட்டுப் போறாளா?"

"ஆமா. கண்ணாடிய இறக்கி விட்டுட்டு."

"அவ ஜெயிப்பான்னு அப்பவே சொன்னேன்ல," என்று தொடையில் தட்டினார். முன்னால் எவனோ, "இதுக்கா இத்தனை வருஷம்?" "அவனுங்களுக்குப் புரியல," என்றார் இவர், என்னிடம் மெல்ல.

வழியெல்லாம் அதே பேச்சு. எட்டு மாதமாக இப்படிப் பேசி நான் கேட்கவில்லை. கடையில் மீ கோரேங் நூடுல்ஸ் பொங்குஸ், பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்தோம்.

ஆகஸ்ட் 9, சனி

பாலிங்கிலிருந்து பாலன் அண்ணன் போன். இவரோடு பதினெட்டு வருஷம் லாரி ஓட்டியவர். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்கள். நான் கீரை ஆய்ந்துகொண்டு.

"படமாடா அது? மார்த்தாவக் கொன்னுட்டானுங்க. யாருன்னே தெரியாத ஒருத்தன்."

"நீ தூங்கிட்ட. அவ தப்பிச்சுட்டாடா. புருஷன்தான் வலைமூஞ்சி."

"யாரு சொன்னா? நான் என் ரெண்டு கண்ணால..."

பாலன் அண்ணன் அங்கேயே நிறுத்திக்கொண்டார். இவரும். பிறகு டயர் விலை, யாரோ வீட்டுக் கல்யாணம். போனை வைத்தார்.

"சரசு."

கீரையை வைத்துவிட்டுச் சொன்னேன். மாற்றித்தான் சொன்னேன் என்று.

கோபப்படுவார் என்று பார்த்தேன். கோபமில்லை. முகம் வெளுத்துப்போயிற்று.

"இனிமே எல்லாமே நீதான் சொல்லணும் எனக்கு. ரோட்டுல குழி இருக்கா, கடைக்காரன் என்ன நோட்டு குடுத்தான், யாரு வந்திருக்காங்க. நீ மாத்திச் சொன்னா நான் எங்க போவேன்?"



ஆகஸ்ட் 10, ஞாயிறு

வேலை. தலைவலி. மாத்திரை இரண்டு.

வீட்டுக்கு வரும்போது பக்கத்து வீட்டு சூசை அண்ணன் எங்கள் ஹாலில். கையில் கண் மருந்துப் பாட்டில். ஒரு நாளைக்கு எத்தனை சொட்டு, எந்தக் கண் என்று இவர் அவரைப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். நான் தினம் போட்டுவிடும் மருந்து.

"நாலு சொட்டுன்னு போட்டிருக்கு. அதான் தங்கச்சிக்கே தெரியுமே," என்றார் சூசை அண்ணன், என்னைப் பார்த்துக்கொண்டு. நான் டீ போடப் போய்விட்டேன். அடுப்பைப் பற்றவைக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

சாப்பாடு: ரசம், முட்டை.

ஆகஸ்ட் 11, திங்கள்

வெயில். துணி காய்ந்தது. எம்.சி., மருத்துவ விடுப்பு, போட்டுவிட்டு வேலைக்குப் போகவில்லை.

காலைப் பசியாறலுக்குப் பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து முழுப் படத்தையும் முதலிலிருந்து சொன்னேன். உள்ளபடி. மார்த்தா விழுந்ததைச் சொல்லும்போது எனக்கு அழுகை. ஒரு மோசமான படத்துக்கு.

"அன்னைக்கு ஏன் சொல்லல?"

"நீங்க நீலச் சட்டை போட்டுட்டு அப்படி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தீங்க. வாய் வரல."

டம்ளரைத் தள்ளி வைத்தார். பிறகு, "புருஷன்தான் கொலைகாரன்னு எப்படித் தோணுச்சு உனக்கு?"

"ஆறு பாகமா கண்ண மூடிட்டு யோசிச்சிருக்கேன்ல."

சிரித்துவிட்டார். மூன்று நாளில் முதல் சிரிப்பு. "அவனுங்க படத்துக்கு உன் கதை எவ்வளவோ மேல். ஆனா இனிமே வேணாம்லா."

"இனிமே இல்ல."

"அப்ப ஒண்ணு கேக்கிறேன். உள்ளதச் சொல்லு. என் கண்ணு பார்க்க எப்படி இருக்கு?"

இந்த எட்டு மாதத்தில் கேட்டதே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு, கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். நானும் இப்படிப் பார்த்து நாளாயிற்று.

"இடது கண்ணு வெளிப்பக்கமா ஒதுங்கியிருக்கு. கருவிழி வெள்ளையா, பால் ஊத்தின மாதிரி."

"ம். வலது?"

"அது பழைய மாதிரியேதான். ஆனா என்னைப் பார்க்கல. என் காதப் பார்க்குது."

தலையைக் கொஞ்சம் திருப்பினார். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்."

"இப்ப?"

"இப்ப என்னத்தான் பார்க்கிறீங்க."