பிரவுசருக்கு அனுமதி இல்லை

ஜூன் 12, வியாழன்

காலையிலிருந்தே காற்று. திண்டுக்கல்லிலிருந்து வடமதுரை வரை பஸ்ஸில் ஜன்னல் ஓரம். கண் நிறையத் தூசி. படிப்பகத்துப் புத்தகப் பட்டியல் ஒரு வழியாக முடிந்தது. இரண்டு மாத டைப்பிங். பிரவுசரில் திறந்தால், ‘இந்தக் கோப்பைப் படிக்க அனுமதி இல்லை.’

செயலாளர் மரியதாஸ் சார் மறுபடியும் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பட்டியல் திறக்காவிட்டால் கம்ப்யூட்டர் பழைய இரும்புக் கடைக்கு. அந்த மேசையில் தினசரிகளைப் பரப்பலாமாம். பாவம் மிஷின். விண்டோஸைத் தாங்காமல் மூச்சு வாங்கியதை, சின்ன லினக்ஸ் ஒன்று போட்டு நான்தான் நடக்க வைத்தேன்.

ஜூன் 13, வெள்ளி

செய்து பார்த்தவை: அணைத்துப் போட்டது. பென் டிரைவிலிருந்து மறுபடி காப்பி. பிரவுசரையே அழித்துப் புதிதாகப் போட்டது. பலனில்லை. அதே கோப்பு, நான் டைப் செய்த எடிட்டரில் மட்டும் சமர்த்தாகத் திறக்கிறது. எரிச்சல்.

படிப்பகத்தைக் கூட்டிப் பெருக்கும் செல்லம் அக்கா எட்டிப் பார்த்தார். “ஏ பிள்ள, அதுகூட மல்லுக்கட்டுனது போதும். செத்த நேரம் வெளிய வா, நத்தத்து மாம்பழம் நறுக்கி வச்சிருக்கேன்.”

கீபோர்டெல்லாம் மாம்பழ வாசனை.

ஜூன் 14, சனி

கண்டுபிடித்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது தோன்றியது. போன மாதம், பாதுகாப்புக்காக என்று, பிரவுசரை ‘விருந்தாளி’ என்ற தனிப் பயனர் பெயரில் ஓட வைத்தவள் நானே. பட்டியலோ என் ஃபோல்டரில். அங்கேதான் என் கதைகளும் குறிப்புகளும். என்னைத் தவிர எல்லோருக்கும் பூட்டு. விருந்தாளி எப்படி நுழைவான்? ஊரே தேட வேண்டியதை என் ரகசியங்களோடு சேர்த்து அடைத்திருக்கிறேன்.

பூட்டைத் திறக்க மனசில்லை. வெளியே பொதுவாக ஒரு ஃபோல்டர். பட்டியல் அங்கே. எல்லோருக்கும் படிக்க மட்டும் அனுமதி. திறந்தது. ஆயிரத்துச் சொச்சம் தலைப்புகள். தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அக்காவிடம் விளக்கினேன். “அப்ப நீயே சாவிய இடுப்புல சொருகிக்கிட்டு, ஆளு வரலையேன்னு வாசலப் பாத்துருக்க.”

ஜூன் 15, ஞாயிறு

பத்து மணிக்கே இரும்புக் கடைக்காரர் தள்ளுவண்டியோடு வாசலில். பிறகு சார். ‘தேனீ’ என்று ஒற்றை விரலால் அவரே தட்டினார். ஒரு புத்தகம்: நாலாம் அலமாரி, இரண்டாம் தட்டு. போய்ப் பார்த்தார், இருந்தது. அங்கேயே நின்று படிக்க ஆரம்பித்துவிட்டார். பத்து நிமிஷம் கழித்து, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கடைக்காரரிடம், “இல்லப்பா, நீ கெளம்பு. மிசின் இங்கதான் இருக்கும்” என்றார்.

வண்டி திரும்புவதற்குள் செல்லம் அக்கா நாற்காலியைப் பிடித்துவிட்டார். “தள்ளு பிள்ள. பேய்க்கதை எம்புட்டு இருக்கு, பாரு.”

பதினேழு.